மடக்கு இறக்கை மாடல்: பெட்டிப் படத்தை நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஆன்லைனில் 1/48 அளவு வைல்ட்கேட் போர் விமான மாடல் கிட் வாங்கினேன். 'இறக்கையை மடக்கியும் வைக்கலாம்' என்று விவரத்தில் போட்டிருந்தார்கள். பெட்டிப் படத்திலும் கப்பல் தளத்தில் இறக்கை மடங்கிய விமானம்தான். பிரித்துப் பார்த்தால் நீட்டிய இறக்கை மட்டுமே இருக்கிறது. கேட்டதற்கு, 'பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா? இல்லை, நானே வெட்டி மடக்கிக்கொள்ளலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து இதுவரை ஒன்றையும் வெட்டவில்லை என்றால் இனியும் வெட்டாதீர்கள். எல்லாச் சட்டங்களையும் தரையில் பரப்பிப் படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தில் அந்த 'மடக்கியும் வைக்கலாம்' வரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கே அந்த வரியை அவர்கள் அழித்துவிடலாம்.

பிரித்த பெட்டி என்பது அவர்கள் சொல்லும் சாக்கு. பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போடவேண்டும். வெறும் பெட்டிப் படம் மட்டும் இருந்திருந்தால் 'அது ஓவியம்' என்று அவர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள். எழுத்திலேயே சொல்லியிருப்பதால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது.

வெட்டி மடக்குவதைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். மடக்கு இறக்கையிலேயே கடினமான விமானத்தைத்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். கோர்சேர் என்ற இன்னொரு போர் விமானத்தின் இறக்கை, கதவுக் கீல் மாதிரி நேராக மேலே மடங்கும். வைல்ட்கேட் அப்படியில்லை. முறுக்கிக்கொண்டே பின்னால் போய் உடலின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும், பறவை சிறகைச் சேர்த்துக்கொள்வது போல. இதற்கான கோணத்தை, வைல்ட்கேட்டைத் தயாரித்த கிரம்மன் நிறுவனத்தின் லீராய் கிரம்மன் கண்டுபிடித்தது ஓர் அழிரப்பரையும் ஜெம் கிளிப்புகளையும் வைத்துத்தான். ரப்பர் உடல், கிளிப் இறக்கை.

நீங்களும் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை. கிளிப்பை நீட்டி, ஒரு முனையைச் சிறிதாக வளைத்து, அந்த முனையை ரப்பரின் பக்கவாட்டில் குத்துங்கள். நேராகக் குத்திச் சுழற்றினால் கிளிப் எங்கோ வானத்தைப் பார்க்கும். சாய்வை மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்தால், ஒரு சாய்வில் மட்டும் நீட்டி நின்ற கிளிப் சுழன்று வந்து ரப்பரோடு படிந்துவிடும். அந்தச் சாய்வில்தான் உங்கள் மாடலில் கீல் உட்காரவேண்டும். அது கைக்குப் பிடிபடாமல் ரம்பத்தை எடுக்காதீர்கள்.

மடங்கி நிற்கும்போது முன்விளிம்பு தரையைப் பார்க்கும், மேல்பரப்பு வெளிப்பக்கம் திரும்பும். இறக்கையின் மேல் ஒட்டும் நட்சத்திர டீகால் (ஒட்டுப்படம்) பக்கவாட்டில் இருந்து பார்த்தாலே தெரியவேண்டும். அடிப்பக்கம் வெளியே தெரிகிறபடி ஒட்டி முடித்த மாடல்களைப் பார்த்திருக்கிறேன். எத்தனை மாத உழைப்பு, மனசு கஷ்டப்படும்.

வெட்டின முகம்தான் மடக்கு மாடலின் உயிர். அங்கே விலா எலும்பு போன்ற சட்டங்களும் கீலும் மின்கம்பிகளும் தெரியவேண்டும். பழைய இயர்ஃபோன் வயரை உரித்தால் வரும் மெல்லிய செம்புக் கம்பி இதற்கு அருமையாகப் பொருந்தும். வைல்ட்கேட்டில் எஃப்4எஃப்-4 வகையின் இறக்கையைத் தளத்தில் ஆட்களே கையால் மடக்கினார்கள். அதனால் ஹைட்ராலிக் குழாய்களை இஷ்டத்துக்குச் செருகவேண்டாம். அதற்கு முந்தைய எஃப்4எஃப்-3-க்கு மடக்கே கிடையாது, ஆகவே கிட் எந்த வகை என்று முதலில் பாருங்கள். இறக்கையைப் பசையை மட்டும் நம்பி ஒட்டவும் கூடாது. பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றை ஊசியாகச் செருகி ஒட்டுங்கள். ரெசினில் வரும் மாற்று இறக்கை வாங்கினால் இது கட்டாயம், அது கனமானது.

இத்தனை சிரமம் எதற்கு என்றால், 38 அடி அகல விமானம் மடக்கினால் 14 அடி 4 அங்குலம்தான். உங்கள் 1/48 அளவில் 24 சென்டிமீட்டர் அகலம் 9 சென்டிமீட்டராகிவிடும். கப்பலுக்கு இடம் மிச்சமானது போல உங்கள் அலமாரிக்கும் மிச்சம்.

என் யோசனை: இந்தக் கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதல் மடக்கு மாடலாகக் கோர்சேர் செய்யுங்கள். ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியாவின் 1/48 கோர்சேரில் மடக்குவதற்கான பாகங்கள் பெட்டியிலேயே வருகின்றன. பிரிட்டிஷ் கடற்படை வண்ணத்தில் செய்ய ஆசை என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுடைய கப்பல்களில் விமானம் நிறுத்தும் கொட்டகையின் கூரை தாழ்வு, மடக்கிய இறக்கை இடிக்கும். அதனால் நுனியில் பக்கத்துக்கு 8 அங்குலம் வெட்டிவிட்டார்கள். மாடலில் அது 4 மில்லிமீட்டர். குட்டை நுனி பெட்டியில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மகனுக்கு ஜப்பானிய ஜீரோ விமான மாடல் வாங்கிக் கொடுத்தேன். இறக்கையின் நுனி மட்டும்தான் மடங்குகிறது. குறைபாடுள்ள பொருளா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இல்லைம்மா, சரியான பொருள்தான். 21-ம் வகை ஜீரோவின் அகலம் 12 மீட்டர். கப்பல் லிஃப்டில் இடிக்காமல் ஏற்ற, இரண்டு நுனியிலும் 50 சென்டிமீட்டர் மட்டும் மேலே மடக்கினார்கள். 1/72 அளவில் அது 7 மில்லிமீட்டர்தான். தம்பி நுனியை அடிக்கடி மடக்கி விளையாடினால் பிய்ந்துவிடும், ஒரே நிலையில் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ராஜாளி கடற்படை விமானத் தளத்து விமானங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தியக் கடற்படை விமானம் ஒன்றை இறக்கை மடக்கி வைக்க ஆசை. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் 'மடக்கு இறக்கை சீ ஹாரியர்' தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், அரக்கோணம்

பதில்: வாங்காதீர்கள். சீ ஹாரியருக்கு இறக்கை மடங்காது, மூக்குதான் மடங்கும். அந்த விற்பனையாளருக்கு அவர் விற்கும் பொருளே தெரியவில்லை. 1992-ல் தொடங்கிய நம் ராஜாளியிலிருந்து பறக்கும் பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானம் தரைத்தளத்து விமானம், அதிலும் மடக்கு இல்லை. 2025 ஏப்ரலில் 26 விமானங்களுக்கு ஒப்பந்தமான ரஃபேல்-எம் கடற்படைப் போர் விமானத்துக்கும் இல்லை.

உங்களுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, பழைய விக்ராந்த் விமானம் தாங்கிக் கப்பலின் சீ ஹாக் போர் விமானம். 'வெள்ளைப் புலிகள்' என்ற 300-வது படை அணி ஓட்டியது, இறக்கை மேலே மடங்கும். இன்னொன்று மிக்-29கே. இரண்டில் நான் சீ ஹாக்கைத்தான் சொல்வேன். 1971 போரில் விக்ராந்திலிருந்து கிளம்பிக் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய விமானம் அது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் கணக்கில் சேருங்கள். பொம்மைகளும் அளவு மாடல்களும் ஒரே தலைப்பில் வருகின்றன. அதன் அடிப்படை வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. பார்சல் வாசலுக்கு வந்தபின் தபால்காரர் வரி கேட்கும்போது திகைக்கக் கூடாது. பணம் அனுப்பும் முன், பாகங்கள் இருக்கும் சட்டத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதில் இறக்கை இரண்டு துண்டாக, வெட்டுமுகத்தில் கீலோடு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.