புதிய பிரிட்டிஷ் பாடகர்கள்: யாரைக் கேட்பது, எங்கே தேடுவது?

பிரிட்டனில் இப்போது மேலே வந்துகொண்டிருக்கும் இண்டி (சிறு நிறுவனங்களிலிருந்து வளர்ந்த, பெரும்பாலும் கிட்டார் சார்ந்த இசை), பாப் இசைக்கலைஞர்களைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். நான் லீட்ஸ் நகரில் வேலை பார்ப்பவன். வார இறுதி என்றால் பெரும்பாலும் ஏதாவதொரு சிறு அரங்கில் நிற்பவன். அந்தச் சாய்வு என் பதில்களில் இருக்கும்.

கோவை, கல்லூரி மாணவி: அண்ணா, அடீல், எட் ஷீரன், கோல்ட்பிளே தவிர வேறு பிரிட்டிஷ் பெயர் எதுவும் எனக்குத் தெரியாது. எங்கிருந்து தொடங்கலாம்?

தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கலாம், தங்கையே. அடீல் பிடிக்கும் என்றால் ஒலிவியா டீன். அடீல் படித்த அதே பிரிட் ஸ்கூலில் படித்தவர். லண்டனின் குரோய்டன் பகுதியில் 1991-இல் தொடங்கிய அந்தக் கலைப் பள்ளி அரசுப் பணத்தில் நடக்கிறது, கட்டணம் கிடையாது. ஏமி வைன்ஹவுஸ், ரே, லோலா யங், ரேச்சல் சினூரிரி எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். ஒலிவியாவின் முதல் சிறு தொகுப்பு 2019-இல் வந்தது, முழு ஆல்பம் 2023-இல். ‘மேன் ஐ நீட்’ பாட்டு தரவரிசையில் முதலிடம் பிடித்தது 2025-இல். இந்தியாவில் அவர் பெயர் எட்டியபோது அவருக்குப் பின்னால் ஆறு ஆண்டு உழைப்பு இருந்தது. அவர் குரலை உயர்த்திக் காட்டுவதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவரைப் போலப் பாடுவார். எனக்கு அதுதான் பெரிய திறமையாகப் படுகிறது.

எட் ஷீரனுக்குப் பக்கத்தில் லூட்டன் நகரத்து மைல்ஸ் ஸ்மித்தை வையுங்கள். கோல்ட்பிளேயின் பெரிய மைதானச் சத்தம் பிடிக்கும் என்றால் நார்த் ஷீல்ட்ஸ் என்ற கடலோர ஊரிலிருந்து வந்த சாம் ஃபெண்டர். இவரைப் புதியவர் என்று இப்போது சொல்ல முடியாது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கும் மெர்க்குரி பரிசையே 2025-இல் வாங்கிவிட்டார். ஆனாலும் சொந்த ஊரையும் அங்கே பிழைக்க வழியில்லாமல் தவிப்பவர்களையும் இவர் பாடுவதைப் போல இன்று பாடுபவர்கள் குறைவு.

சென்னை, மென்பொருள் பணியாளர்: தி லாஸ்ட் டின்னர் பார்ட்டி முதல் ஆல்பம் வெளிவரும் முன்பே பெரிய புதுமுக விருதுகளை வாங்கிவிட்டது. பெரிய கம்பெனி செட்டப் செய்து இறக்கிய குழு என்கிறார்களே?

இந்தக் குற்றச்சாட்டு என்னைக் கோபப்படுத்தும். தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனில் விண்ட்மில் என்றொரு மதுக்கூடம் இருக்கிறது. 150 பேர் நின்றால் நிறைந்துவிடும். தாழ்ந்த கூரை; மேடை என்று சொல்ல ஓர் உயரமான பலகை; கூரைமேல் நின்று குரைத்த ஒரு நாயே அரங்கின் அடையாளம். லூ ஸ்மித் என்ற புகைப்படக்காரர் அங்கே நடக்கும் நிகழ்ச்சிகளை முன்வரிசையில் நின்று படம்பிடித்து யூடியூபில் போடுவார். பெரும்பாலும் பெண்களான இந்த ஐவரும் அங்கே பாடிய ஆரம்பகாலக் கச்சேரி ஒன்றையும் அப்படித்தான் போட்டார். தொழிலில் இருப்பவர்கள் அவர்களைக் கவனிக்கத் தொடங்கியது அதைப் பார்த்துத்தான்.

2021-இல் சேர்ந்தார்கள். 2022 ஜூலையில், ஒரு பாட்டுக்கூட வெளியிடாத நிலையில், ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு முன்பாகப் பாடினார்கள். முதல் பாட்டான ‘நத்திங் மேட்டர்ஸ்’ வந்தது 2023 ஏப்ரலில். சந்தேகம் கிளம்பியதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். பாட்டு வெளிவந்த நாளில்தான் குழுவே பிறந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். ஐலண்ட் என்ற பெரிய நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் அதற்கு முன்பே பாட்டுகளும் உடைகளும் மேடை நாடகத்தன்மையும் சிறு அரங்குகளில் உருவாகிவிட்டிருந்தன. ஆண்கள் குழு ஒன்று இதே வேகத்தில் வளர்ந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா என்றும் யோசித்துப் பாருங்கள்.

சிங்கப்பூர், கிட்டார் கலைஞர்: வெட் லெக், ஸ்க்விட், பிளாக் மிடி மூன்றும் வேறு வேறு மாதிரி ஒலிக்கின்றன. ஆனாலும் ஏதோ ஓர் உறவு இருப்பதாகத் தோன்றுகிறது. என் பிரமையா?

பிரமை இல்லை. அந்த உறவின் பெயர் டான் கேரி. தெற்கு லண்டனின் ஸ்ட்ரெத்தம் பகுதியில் வீட்டோடு சேர்ந்த ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் தயாரிப்பாளர். 2013-இல் தொடங்கப்பட்ட ஸ்பீடி வுண்டர்கிரவுண்ட் அவருடைய சிறு நிறுவனம். அங்கே தனிப்பாட்டுகளுக்குச் சில விதிகள் உண்டு: ஒரே நாளில் பதிவு முடிய வேண்டும், மதிய உணவுக்கு இடைவேளை கிடையாது, விளக்கை அணைத்துவிட்டு, புகை இயந்திரத்தையும் லேசர் ஒளியையும் போட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாதபோது காது கூர்மையாகிறது. தவறை எண்ணித் தயங்க நேரமும் இல்லை. பிளாக் மிடி, ஸ்க்விட், பிளாக் கண்ட்ரி நியூ ரோடு மூவரின் ஆரம்பகாலப் பாட்டுகள் அங்கிருந்து வந்தவை.

வைட் தீவைச் சேர்ந்த ரியன் டீஸ்டேலும் ஹெஸ்டர் சேம்பர்ஸும் தொடங்கிய வெட் லெக்கின் 2022 ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவரே. ‘ஷேஸ் லாங்’ பாட்டைக் கிட்டார்க்காரராக இன்னொரு முறை கேளுங்கள். டிரம்மும் பேஸும் விடாமல் ஓட, பாடகி உணர்ச்சியே காட்டாமல் பேசிக்கொண்டே போவார். கிட்டார் தன் முறைக்காகக் காத்திருந்து உள்ளே பாயும். அந்தக் காத்திருப்பில்தான் பாட்டின் பாதிச் சுவை. 2023-இல் அதற்கும் ஆல்பத்துக்குமாக இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. பிடித்த ஆல்பத்தைத் தயாரித்தவர் யாரென்று பார்த்து, அவர் அடுத்து யாருடன் வேலை செய்கிறார் என்று தேடுங்கள். புதியவர்களை நான் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

திருச்சி, வங்கி ஊழியர்: ரேயின் பாட்டுகள் முழுக்கப் பாப். அவரை ஏன் சுயாதீனக் கலைஞர் என்கிறார்கள்?

பதினேழு வயதில் ஒரு பெரிய நிறுவனத்தோடு நான்கு ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டார். ஆண்டுகள் போயின, பிறருக்குப் பாட்டு எழுதினார், தனிப்பாட்டுகள் பாடினார், ஆனால் ஓர் ஆல்பம்கூட வெளிவரவில்லை. 2021 ஜூனில் அதைப் பொதுவெளியில் எழுதிவிட்டார். ஒப்பந்தத்திலிருந்தும் வெளியே வந்தார். பெரிய நிறுவன ஒப்பந்தம் இல்லாமல் வெளியிட்ட ‘எஸ்கேபிசம்’ 2023 ஜனவரியில் முதலிடம். அடுத்த மாதம் ஆல்பம். 2024-இல் ஒரே இரவில், பிரிட்டனின் பெரிய இசை விருதான பிரிட் விருதுகள் ஆறு. அதுவரை யாரும் அப்படி வாங்கியதில்லை. மேடைக்குப் பாட்டியையும் அழைத்துக்கொண்டு வந்து அழுதார். அந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள்.

யாழ்ப்பாணம், ஆசிரியை: ஆண்டுத் தொடக்கத்தில் வரும் “இந்த ஆண்டு கவனிக்க வேண்டியவர்கள்” பட்டியல்களை நம்பலாமா?

ஓரளவுக்கு நம்பலாம், அக்கா. பிரிட் விருதின் புதுமுகப் பரிசு 2008-இல் தொடங்கியது; முதலில் வாங்கியவர் அடீல். பிபிசியும் 2003 முதல் ஒரு பட்டியல் போடுகிறது. ஆனால் பட்டியல் அவசரப்படும், கலை அவசரப்படாது. பாடகர் ஜாக் கேரட் 2016-இல் இரண்டிலும் வென்றார். அந்த எதிர்பார்ப்பின் சுமையைப் பற்றி அவரே பின்னாளில் மனம்திறந்து பேசினார். இரண்டாவது ஆல்பம் வர 2020 ஆயிற்று. லோலா யங் 2022-ஆம் ஆண்டின் பிரிட் புதுமுகப் பரிசுக்கு இறுதிச் சுற்று வரை வந்தார், பரிசு ஹாலி ஹம்பர்ஸ்டோனுக்குப் போயிற்று. லோலாவின் ‘மெஸ்ஸி’ முதலிடத்துக்கு வந்தது 2025 ஜனவரியில். பட்டியலில் வென்றவரைவிட, மூன்றாண்டுக்கு முந்தைய பட்டியலில் தோற்றவர்களைத் தேடிக் கேளுங்கள், நல்ல அறுவடை.

மதுரை, ஓய்வுபெற்ற பேராசிரியர்: தம்பி, என் பேத்தி கேட்பவை இரண்டு நிமிடம்கூட ஓடுவதில்லை. தொடங்கும்போதே முடிந்துவிடுகிறது. இதெல்லாம் இசையா?

ஐயா, பேத்தி கேட்பது பிங்க்பாந்தரஸாக இருந்தால் கொஞ்சம் பொறுத்துக் கேட்டுப் பாருங்கள். மாணவியாக இருந்தபோது கணினியில் தானே பாட்டு செய்து 2021-இல் டிக்டாக்கில் போட்டுப் பெயர் வாங்கியவர். அந்த ஆண்டு வந்த முதல் தொகுப்பில் பத்துப் பாட்டுகள். மொத்தமே 19 நிமிடத்துக்குள். ஆனால் அதற்குள் 1990-களின் லண்டன் நடனக்கூடத் தாளங்கள் இருக்கின்றன, தனிமையில் இருக்கும் ஒரு பெண்ணின் மெல்லிய குரலும் இருக்கிறது. தாளம் ஓடும், குரல் ஓடாது. அந்த முரணை நீங்கள் ரசிப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

டொராண்டோ, தாய்: இவர்களில் நம் பிள்ளைகள் யாரும் இல்லையா?

வழி போட்டவர் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, அகதியாகத் திரும்பியவர். 2005-இல் வந்த ‘அருளர்’ ஆல்பம் மெர்க்குரி இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. இப்போது லண்டனில் பிரிட் (Pritt; விருதுக்கும் இதற்கும் தொடர்பில்லை) என்ற பெயரில் பாடும் தமிழ்ப் பெண், ஆர் அண்ட் பி என்ற கறுப்பின இசைமரபுப் பாட்டுக்குள் தமிழையும் கலக்கிறார். பிரியா ரகுவைப் பலர் பிரிட்டிஷ்காரர் என்கிறார்கள். அவர் சுவிட்சர்லாந்துத் தமிழர். வங்காளதேசத் தாய்க்கும் அயர்லாந்துத் தந்தைக்கும் பிறந்த ஜாய் குரூக்ஸையும் கேளுங்கள், மனத்தை விட்டு அகலாத குரல்.

இதோடு சேர்ந்த ஒரு வேதனையும் உண்டு. தோல் நிறத்தைப் பார்த்து இசையின் வகையை முடிவுசெய்வது. ஜிம்பாப்வே பெற்றோருக்குப் பிறந்த ரேச்சல் சினூரிரி இசைப்பது கிட்டார் இண்டி. ஆனால் அவரை ஆர் அண்ட் பி பெட்டியிலேயே போட்டார்கள். 2022-இல் அதை வெளிப்படையாக எழுதி எதிர்த்தார். லீட்ஸின் இங்கிலீஷ் டீச்சர் குழுவின் லிலி ஃபோன்டெய்ன் இதையே ஒரு பாட்டாக்கிவிட்டார். அந்தக் குழுவின் முதல் ஆல்பம் ‘திஸ் குட் பி டெக்சஸ்’ 2024-இல் மெர்க்குரி வென்றது. லண்டனுக்கு வெளியே அந்தப் பரிசு போனது பத்தாண்டுக்குப் பிறகு அதுவே முதல் முறை. இந்த நகரத்தில் அன்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

சேலம்: ஃபொன்டெய்ன்ஸ் டி.சி. குழு, பாடகி சிமேட் இருவரையும் ஏன் சொல்லவில்லை?

இரண்டுமே அயர்லாந்து. பிரிட்டிஷ் என்று சொன்னால் அவர்களுக்கே பிடிக்காது. அருமையானவர்கள், தனியாகக் கேளுங்கள்.

தஞ்சாவூர், வானொலி நேயர்: ஆங்கிலம் தவிர வேறு மொழியில் அங்கே யாரும் பாடுவதில்லையா?

பாடுகிறார்கள். வேல்ஸின் கார்மார்தன் ஊரைச் சேர்ந்த அட்வைத் மூன்று பெண்களின் கிட்டார் குழு. வேல்ஷ் மொழியில்தான் பாடுகிறார்கள். வேல்ஸ் இசைப் பரிசை 2019-இலும் 2022-இலும் இரண்டு முறை வென்றார்கள். மொழி புரியாமலே மூழ்கிக் கேட்கலாம்.

புதுச்சேரி, வடிவமைப்பாளர்: இங்கிருந்து இவர்களுக்கு எப்படி உதவுவது? ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் போதாதா?

போதாது. பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்தை விலை கொடுத்து வாங்குங்கள்; டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், கட்டணங்கள் போக மீதி கலைஞருக்கோ அவருடைய சிறு நிறுவனத்துக்கோ போகும். உங்கள் ஒருவர் காசு, ஆயிரக்கணக்கான முறை கேட்பதற்குச் சமம்.

இங்கே அடித்தளம் ஆட்டம் கண்டிருக்கிறது. 2023-இல் மட்டும் 125 சிறு அரங்குகள் மூடப்பட்டன அல்லது இசை நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் பாத் நகரின் மோல்ஸ் மூடப்பட்டது. ரேடியோஹெட், ஒயாசிஸ் எல்லாம் பெயர் வாங்கும் முன்பே பாடிய இடம் அது. பெரிய அரங்கு டிக்கெட்டில் ஒரு பவுண்டு எடுத்துச் சிறு அரங்குகளுக்குக் கொடுங்கள் என்று சிறு அரங்குகளுக்காகப் போராடும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அமைப்பு கேட்கிறது. சாம் ஃபெண்டர் தன் சுற்றுப்பயணத்தில் கொடுத்தார். மைல்ஸ் ஸ்மித் 2025 பிரிட் விருது மேடையிலேயே, இன்னும் எத்தனை அரங்குகள் மூட வேண்டும் என்று அரசைக் கேட்டார். விண்ட்மில்லும் அதைப் போன்ற அறைகளும் இல்லாவிட்டால் மேலே நான் சொன்ன பெயர்களில் பாதி இருக்காது.

நாகர்கோவில், மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்: செப்டம்பரில் மான்செஸ்டர் வருகிறேன். யாரை, எங்கே பார்க்கலாம்?

நகர நடுவில் நைட் அண்ட் டே கஃபே, சார்லஸ் தெருவில் ‘யெஸ்’, பேண்ட் ஆன் த வால் மூன்றின் நிகழ்ச்சிப் பட்டியலையும் வாரந்தோறும் பாருங்கள். மான்செஸ்டரின் சொந்தக் குழுவாகவே வெஸ்ட்சைட் கௌபாய் இருக்கிறது. 2025-இல் கிளாஸ்டன்பரி இசை விழாவின் புதுமுகப் போட்டியில் வென்றவர்கள். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியைச் சேர்ந்த ஜேக்கப் அலோன் அந்தப் பக்கம் வந்தால் விடாதீர்கள். ஒற்றைக் கிட்டாரோடு அறையை அடக்கிவிடுவார். ஒரு சனிக்கிழமை ரயிலேறி லீட்ஸுக்கும் வாருங்கள், ஒரு மணிநேரம்தான். புரூடனெல் சோஷியல் கிளப்பை நானே காட்டுகிறேன். காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், ஏனென்றால் முதலில் வாசிக்கும் குழுவின் பெயரை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.