எந்த அடுக்கில் கிடந்தது? ஆதிமனிதர் ஆய்வு: கேள்வி பதில்

கற்கருவி, புதைபடிவம், காலக்கணிப்பு, மரபணு என்று பல பக்கமிருந்தும் வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. கேள்வி எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் வந்து நிற்கிறது: அந்தக் கல்லோ எலும்போ எந்த மண்ணடுக்கில், எதற்கு மேலே, எதற்குக் கீழே கிடந்தது?

அண்ணா, எங்க ஊர் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கம். ஓடைக்கரையில மாங்கா வடிவத்துல ஒரு கல் கிடக்கு. ரெண்டு பக்கமும் செதுக்கின மாதிரி இருக்கு. கைக்கோடாரியா, சும்மா உடைஞ்ச கல்லா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தம்பி, கல்லை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கல்லை இன்னொரு கல்லால் ஓரத்தில் ஓங்கி அடித்தால் சில்லு பெயரும். அந்தச் சில்லில் மூன்று அடையாளங்கள் இருக்கும்: அடி விழுந்த சின்னத் தட்டை முகம், அதற்குக் கீழே விரலால் தடவினால் தெரியும் புடைப்பு, அங்கிருந்து குளத்தில் கல் போட்டது போல விரியும் அலைக்கோடுகள். சில்லு பெயர்ந்த தாய்க்கல்லில் இதே புடைப்புக்கு ஏற்ற பள்ளம் இருக்கும். உங்கள் பக்கத்துக் கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கடினமான பாறை. மணற்பருக்கு அதிகமென்பதால் அலைக்கோடு மங்கலாகத்தான் தெரியும். காலை அல்லது மாலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள்.

கைக்கோடாரி, அதாவது கையில் பிடித்து வெட்ட ஆதிமனிதர் செதுக்கிய கல் என்றால், பள்ளங்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போகும், இரண்டு முகத்திலும் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி வரிசையாக அமைந்திருக்கும். ஆற்றில் உருண்டு மோதிய கல்லில் ஒன்றிரண்டு பள்ளம் தாறுமாறாக இருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும்.

ஏமாற்றும் கல் ஒன்று உண்டு. ஜல்லி உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் கல்லில் தட்டை முகம், புடைப்பு எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது நிறம். உடைந்த முகம் புத்தம் புதிதாக வெளிறி, மற்ற முகம் பழுப்பேறி இருந்தால் அது அண்மைக்கால உடைப்பு. பழைய கருவியில் செதுக்கிய முகத்திலும் பழுப்பு ஏறியிருக்கும்.

நான் ஏற்கெனவே அப்படி ஒரு கல்லை வீட்டுக்கு எடுத்து வந்து கழுவி வைத்துவிட்டேன். தப்பா?

எடுத்த இடம் இன்னும் நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். கைபேசியில் ஜி.பி.எஸ். புள்ளி, ஓடையின் எந்தக் கரை, கரைச் சுவரில் பதிந்திருந்ததா அடியில் உதிர்ந்து கிடந்ததா, சுற்றியிருந்த மண் களிமண்ணா சரளையா செம்மண்ணா என்பது வரை. பிறகு அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்திலோ மாநிலத் தொல்லியல் துறையிலோ சொல்லுங்கள். பூண்டியிலேயே பழைய கற்காலத்துக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இனிமேல் கண்டால் எடுக்காதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்து, வடக்கு எது என்று தெரியும்படி படம் எடுங்கள். இன்னொரு படம் பத்தடி தள்ளி நின்று, கரை முழுவதும் தெரியும்படி. தோண்டவே கூடாது, அதற்கு மத்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும்.

அத்திரம்பாக்கம் கருவிகளுக்கு 15 லட்சம் வயசுன்னு எல்லாரும் சொல்றாங்க. கல்லுக்கு எப்படி சார் வயசு பார்க்கிறது? பாறை எப்படியும் கோடிக்கணக்கான வருஷம் பழசுதானே?

சரியான கேள்வி. பாறையின் வயது நமக்கு எதற்கும் உதவாது. செதுக்கிய கல் மண்ணுக்குள் போய் எத்தனை காலமாகிறது என்பதுதான் வேண்டும்.

அத்திரம்பாக்கம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. வடமேற்கே, கொற்றலையாற்றுப் படுகையில் இருக்கிறது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு வில்லியம் கிங்குடன் இங்கும் வந்து கருவிகளைக் கண்டார். 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அடுக்கடுக்காகத் தோண்டினார்கள். கைக்கோடாரிகள் கிடைத்த அடியடுக்குகளின் முடிவுகள் 2011இல் வந்தன.

வழி இதுதான். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் தரையில் கிடக்கும் கல்லின் குவார்ட்ஸ் படிகத்தைத் தாக்கி அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்களை உண்டாக்கும். வெயிலில் கிடக்கும்வரை இரண்டும் ஏறத்தாழ 7க்கு 1 என்ற விகிதத்தில் சேரும். கல் ஆழப் புதைந்ததும் கதிர் எட்டாது. வரவு நின்று செலவு மட்டும் நடக்கும். அலுமினியத்தின் அரை ஆயுள் (இருப்பதில் பாதி தேய ஆகும் காலம்) சுமார் 7 லட்சம் ஆண்டு, பெரிலியத்துக்குச் சுமார் 14 லட்சம். அலுமினியம் வேகமாகத் தேய்வதால் விகிதம் இறங்கிக்கொண்டே வரும். சுமார் 14 லட்சம் ஆண்டில் அது பாதியாகும். இறங்கிய அளவைப் பார்த்துப் புதைந்த காலத்தைக் கணக்கிடுகிறார்கள். கருவியில் ஒரு பகுதியைப் பொடித்து, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் மற்றக் கனிமங்களையும் படிகங்களின் மேல்தோலையும் கரைத்து நீக்கி, எஞ்சும் சுத்தமான குவார்ட்ஸில் துகள்முடுக்கி நிறமாலைமானி கொண்டு அணுக்களை எண்ண வேண்டும்.

பிழை எங்கே நுழையும்? கல் ஆழமில்லாமல் புதைந்திருந்தால் கதிர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். வயது குறைவாகத் தெரியும். கருவியாக்குவதற்கு முன்பே அந்தக் கல் வேறெங்கோ நெடுங்காலம் புதைந்து கிடந்திருந்தால் வயது கூடிவிடும். அதனால் ஒரே கல்லை நம்பாமல் பல கருவிகளைச் சோதித்து, தொடர்பே இல்லாத இன்னொரு முறையையும் வைத்துப் பார்த்தார்கள். அது மண்ணின் காந்தத் திசை. களிமண் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய வடக்கை நோக்கிப் படியும். பூமியின் காந்தப்புலம் கடைசியாகப் புரண்டது ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுக்கு முன். அத்திரம்பாக்கத்தின் அடியடுக்குகளில் திசை தலைகீழாக இருந்தது. இரண்டையும் சேர்த்து, 10.7 லட்சம் ஆண்டுக்குக் குறையாது, சராசரி 15.1 லட்சம், கூடக்குறைய 70,000 என்று அறிவித்தார்கள். செய்தியில் வருவது '15 லட்சம்' மட்டும். அந்தக் கூடக்குறையவையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். அறிவியல் அதில்தான் இருக்கிறது.

மேலடுக்குகளின் கதை வேறு. அங்கே பெரிய கைக்கோடாரி மறைந்து, தாய்க்கல்லை முன்கூட்டியே தயார்செய்து சிறு சில்லுகளை எடுக்கும் முறை வருகிறது. 2018இல் வெளியான கணக்கில் அது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுக்கு முன் தொடங்குகிறது, கூடக்குறைய 64,000. இதற்குப் பயன்பட்டது ஒளிர்வு முறை: மணல்பருக்கு கடைசியாக வெயில் பார்த்தது எப்போது என்று அளப்பது. புதைந்த பருக்கு சுற்றுமண்ணின் கதிரியக்கத்திலிருந்து ஆற்றலைச் சேர்த்துவைக்கும், வெயில் பட்டால் அது அழிந்துவிடும். இரும்புக் குழாயை அடுக்கின் சுவரில் அடித்து இறக்கி, இரண்டு முனையையும் வெளிச்சம் புகாமல் அடைத்து, ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில்தான் திறப்பார்கள். முனைகளில் உள்ள மண் வெளிச்சம் பட்டது, அதை ஒதுக்கிவிட வேண்டும். சுற்றுமண்ணின் கதிரியக்கத்தையும் ஈரத்தையும் தனியாக அளக்க வேண்டும்; ஈரம் கதிரை உறிஞ்சும் என்பதால் அதைத் தப்பாகக் கணித்தால் வயதே மாறிவிடும். கரையான் புற்று, மரவேர் இருக்கும் இடத்தில் குழாயை இறக்கவே கூடாது. அவை மேல்மண்ணைக் கீழே கொண்டுபோயிருக்கும்.

கார்பன் டேட்டிங் போதாதா?

போதாது. கார்பன்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்கிற அளவுக்கு எதுவும் மிஞ்சாது. உயிர்ப்பொருளுக்கு மட்டும்தான் அது பொருந்தும், கல்லுக்கு ஆகாது. கலப்படமும் பெரிய ஆபத்து. கார்பன்-14 அடியோடு தீர்ந்துபோன ஒரு பழைய கரித்துண்டில் இன்றைய வேர்நாரின் கார்பன் நூற்றில் ஒரு பங்கு கலந்தால் போதும், ஆய்வகம் 37,000 ஆண்டு என்று சொல்லிவிடும்.

அத்திரம்பாக்கத்தில் இவ்வளவு கருவி இருக்கே, செய்தவங்க எலும்பு ஒண்ணுகூட ஏன் கிடைக்கல?

மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நம் மண்ணில், அதிலும் அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில், எலும்பின் சுண்ணாம்பு கரைந்துவிடுகிறது. இந்தியா முழுவதிலும் ஆதிமனிதரின் மண்டையோடு என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று: 1982இல் மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோராவில், நர்மதைக் கரையில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் அருண் சோனாகியா கண்டெடுத்தது. அது எந்த இனம், எவ்வளவு பழையது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே அத்திரம்பாக்கத்துக் கருவிகளைச் செய்தது 'ஹோமோ எரக்டஸ்' என்ற பழைய மனித இனம் என்று யாராவது அடித்துச் சொன்னால், ஆப்பிரிக்காவில் இதே வகைக் கருவியோடு கிடைத்த எலும்புகளை வைத்துச் செய்த ஊகம் அது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகமே.

அண்ணை, இலங்கையிலயும் அதே மழைதானே. அங்க மட்டும் எலும்பு எப்பிடித் தப்பினது?

குகை காப்பாற்றியது, தம்பி. பாகியன்கல, பட்டதொம்பலென போன்ற இடங்கள் பாறைக் கூரைக்கு அடியில் இருப்பவை. மழை நேராக இறங்காது. அங்கே வாழ்ந்தவர்கள் விட்டுப்போன அடுப்புச் சாம்பலும் நத்தை ஓடும் மண்ணின் அமிலத்தை முறித்துவிடும். பாகியன்கலவில் ஏறத்தாழ 48,000 ஆண்டுக்கு முந்தைய அடுக்கு முதல் எலும்பு முனைகள் வருகின்றன. பல குரங்கு எலும்பில் செய்தவை. முனையின் சேதத்தையும் கட்டிய தடத்தையும் வைத்து, அவற்றில் சில அம்பு முனைகள் என்று 2020இல் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். மழைக்காட்டில் மரத்துக்கு மரம் தாவும் குரங்கையும் அணிலையும் பிடித்து உண்டவர்களுக்கு ஈட்டியைவிட வில்தானே உதவும்.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான்னா இன்னும் ஏன் குரங்கு இருக்கு?

சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. 60–70 லட்சம் ஆண்டுக்கு முன் இருந்த ஒரு பொது மூதாதையிலிருந்து இரண்டு கிளையும் பிரிந்தன. பங்காளி இருப்பதால் நாம் இல்லாமல் போவோமா?

லூசி இரண்டு காலில் நடந்தாள் என்பது துண்டு எலும்புகளை வைத்து எப்படித் தெரியும்?

1974 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹடாரில் டொனால்ட் ஜொஹான்சன் குழு கண்ட அந்த எலும்புக்கூடு ஏறத்தாழ 40 விழுக்காடுதான். ஆனால் வேண்டிய எலும்புகள் இருந்தன. இடுப்பெலும்பு சிம்பன்சிக்கு நீண்டு உயர்ந்த பலகை. லூசிக்கு நம்மைப்போலக் குட்டையாக, கிண்ணம்போல வளைந்தது. ஒரு காலில் நிற்கும்போது உடல் சாயாமல் பிடிக்கும் தசைகள் அந்த வளைவின் பக்கவாட்டில்தான் ஒட்டும். அடுத்தது தொடையெலும்பு. முழங்காலுக்கு மேலே அது உள்நோக்கிச் சாய்கிறது. பாதம் உடலின் நடுக்கோட்டுக்கு அடியில் விழ அது தேவை. சிம்பன்சிக்குத் தொடையெலும்பு நேராக இறங்கும், அதனால் இரண்டு காலில் நடந்தால் பக்கவாட்டில் ஆடும். உங்கள் முழங்காலிலேயே தொட்டுப் பாருங்கள், சாய்வு தெரியும்.

காலம் 31.8 லட்சம் ஆண்டு. எலும்பை யாரும் அளக்கவில்லை. அது கிடந்த அடுக்கோடு சேர்ந்த எரிமலைச் சாம்பலின் படிகங்களில், காலம் போகப் போகச் சேரும் ஆர்கான் வாயுவை அளந்தார்கள். தான்சானியாவின் லேட்டோலியில் இன்னும் நேரடிச் சான்று உண்டு: 36.6 லட்சம் ஆண்டுக்கு முன் ஈரச் சாம்பலில் பதிந்த காலடிகள். பெருவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து முன்னோக்கியே இருக்கிறது.

மதுரைப் பக்கம் 70,000 வருஷத்துக்கு முந்தின மரபணு கண்டுபிடிச்சாங்களே, அவங்கதான் முதல் இந்தியரா?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழு கண்டது எம்130 என்ற குறி. அது தந்தைவழி மட்டும் போகும் ஒய் குரோமோசோமில் இருப்பது. ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய தொடக்ககாலக் கிளைகளில் ஒன்று என்பது உண்மை. ஆஸ்திரேலியாவிலும் மங்கோலியாவிலும்கூட அந்தக் கிளை இருக்கிறது. ஆனால் பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடம் உண்டு. ஒய் குரோமோசோம் அதில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசும். குறி பழையது, அதைத் தாங்கும் மனிதர் நம் எல்லோரையும் போலக் கலந்து வந்தவர்.

கலப்பு இன்னும் ஆழமானது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 1–2 விழுக்காடு நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்தது, நமக்கும் உண்டு. கொரோனாவைக் கடுமையாக்கும் ஒரு நீண்ட துண்டு நியாண்டர்தாலிடமிருந்து வந்ததென்று 2020இல் ஸெபர்க், பேபோ இருவரும் காட்டினார்கள். தெற்காசியரில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் அது ஒரு பிரதியாவது இருக்கிறது, ஐரோப்பியரில் 16 விழுக்காடு.

லெமூரியாவில்தான் மனிதன் தோன்றினானா, ஐயா?

இல்லை. 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர் வகைகளுக்கும் இந்தியாவுக்கும் உள்ள ஒற்றுமையை விளக்க ஒரு தரைப்பாலத்தைக் கற்பனை செய்து வைத்த பெயர் அது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்தப் பாலம் தேவையில்லாமல் போயிற்று. இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தே எட்டுக் கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. அப்போது மனிதக் கிளையே இல்லை. கடல் கொண்ட நிலம் என்பது மட்டும் வெறும் கதை இல்லை. 20,000 ஆண்டுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். அப்படி மூழ்கியது கரையோரப் பட்டை, கண்டம் அல்ல.

இதெல்லாம் யாராவது போலியாகச் செய்துவிட்டால்?

செய்தார்கள். இங்கிலாந்தில் 1912இல் அறிவித்த பில்ட்டவுன் மண்டையோடு, மனித மண்டையோடும் ஒராங்குட்டானின் தாடையும் சேர்த்தது. பல்லை அரத்தால் ராவி, சாயம் ஏற்றியிருந்தார்கள். மண்ணிலிருந்து எலும்பு உறிஞ்சும் ஃபுளோரினை அளந்ததும் குட்டு உடையத் தொடங்கி, 1953இல் முழுதாக அம்பலமானது. எந்த அடுக்கில் கிடந்தது என்று யாரும் கறாராகக் கேட்காததுதான் 40 ஆண்டு தாமதத்துக்குப் பெரிய காரணம்.

அகழாய்வில் தன்னார்வலரா சேரப்போறேன் அக்கா. முதல்ல எதைக் கத்துக்கணும்?

சீட்டு எழுதக் கற்றுக்கொள்ளம்மா. ஒவ்வொரு பைக்கும் இரண்டு சீட்டு, உள்ளே ஒன்று, வெளியே கட்டியது ஒன்று. பென்சிலில் எழுது, பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். இடத்தின் குறியீடு, குழி எண், அடுக்கு எண், நிலைப்புள்ளியிலிருந்து (அளவுக்கென்று குறித்து வைத்த மாறாத புள்ளி) ஆழம், தேதி, உன் முதலெழுத்து. ஆழத்தைத் தரையிலிருந்து அளக்காதே, தரை மேடுபள்ளமாக இருக்கும். ஒரு பையில் இரண்டு அடுக்கின் பொருள் கலக்கக் கூடாது. மண்ணின் நிறமோ பிடிமானமோ மாறினால் கரண்டியை நிறுத்திவிட்டுக் குழிப் பொறுப்பாளரைக் கூப்பிடு. இரண்டு அடுக்கின் எல்லையில் ஒன்று கிடைத்து எதில் சேர்ப்பது என்று தெரியாவிட்டால் மேலடுக்கின் கணக்கில் எழுது, பக்கத்தில் 'எல்லை' என்று குறி. பழைய கல் பிற்கால மண்ணில் கலப்பது வழக்கம்தான். பிற்காலக் கல் ஒன்றைப் பழைய அடுக்கின் கணக்கில் எழுதிவிட்டால் அந்த அடுக்கின் காலமே கெட்டுப்போகும்.