படித்து முடித்துத் தொழில் தொடங்க அரசுப் பணம்: எந்தக் கதவை எப்போது தட்டுவது?

ஒரு பொறியியல் கல்லூரியின் இன்குபேஷன் மையத்தில், அதாவது புதிதாகத் தொழில் தொடங்குவோரைக் கைதூக்கி விடும் இடத்தில் (இன்குபேட்டர் என்றும் சொல்வார்கள்), எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். படிப்பு முடிந்ததும் சொந்தத் தொழில் என்று வருகிறவர்களோடு உட்கார்ந்து விண்ணப்பம் தயார் செய்வதுதான் என் வேலை. கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன், நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கோவை, இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்): நாங்கள் மூன்று பேர். தென்னை மரம் ஏறும் கருவிக்கு வடிவமைப்பு வைத்திருக்கிறோம். கம்பெனி இன்னும் பதியவில்லை. லோன் கிடைக்குமா?

பதில்: லோன் இப்போது வேண்டாம் தம்பி. விற்கப் பொருள் இல்லாதபோது வட்டி ஓட ஆரம்பித்தால் மூன்று பேரும் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுவீர்கள். இந்தக் கட்டத்துக்கென்றே திருப்பித் தர வேண்டாத பணம் இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘நிதி பிரயாஸ்’ என்ற திட்டத்தில் மாதிரிக் கருவி செய்ய 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் தரும் புத்தாக்க வவுச்சரில் முதல் கட்டத்துக்கு 2 லட்சம் வரை, அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம் வரை. பிரயாஸ் பணம் இன்குபேட்டர் வழியாகத்தான் வரும். வவுச்சருக்கும் ஒரு கல்லூரியோ ஆய்வுக்கூடமோ கூட இருப்பது பலம். உங்கள் ஊரிலேயே பி.எஸ்.ஜி. ஸ்டெப் என்ற இன்குபேட்டர் 1998 முதல் இயங்குகிறது. முதலில் அங்கே போய்ப் பேசுங்கள்.

போகும்போது கருவியைக் கையில் எடுத்துப் போங்கள். ஒருமுறை எங்கள் மையத்தில் இரண்டு குழுக்கள் வந்தன. ஒரு குழு நாற்பது ஸ்லைடு காட்டியது. இன்னொரு குழு சைக்கிள் செயினை வைத்து வெல்டிங் அடித்த ஒரு சட்டத்தைத் தூக்கி வந்தது. ஒரு போல்ட்டுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. தேர்வுக் குழுவினர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அதை அழுத்திப் பார்த்தார்கள். பணம் அவர்களுக்குத்தான் போனது.

அப்புறம், இது கல்லூரி ப்ராஜெக்டாகச் செய்ததா? அப்படியானால் காப்புரிமை யார் பெயரில் என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கம்பெனி பதிந்து மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் பெற்ற பிறகு விண்ணப்பித்தால் காப்புரிமைக் கட்டணத்தில் 80 விழுக்காடு சலுகை உண்டு.

கேள்வி (அரவக்குறிச்சி, உணவுத் தொழில்நுட்பப் பட்டதாரி): எங்கள் பக்கம் முருங்கை அதிகம். கிராமத்திலேயே இலைப்பொடி யூனிட் போட 40 லட்சம் ஆகும். கடனோடு மானியம் தரும் திட்டங்களில் மாநில அரசின் நீட்ஸ் நல்லதா, மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. நல்லதா? டிரையரை மலிவாகத் தருகிறார்கள், இப்போதே வாங்கிவிடட்டுமா?

பதில்: டிரையருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. பி.எம்.இ.ஜி.பி. புதிய யூனிட்டுக்கு மட்டும்தான். கடன் அனுமதிக்கு முன்னால் வாங்கிப் போட்ட மெஷின் திட்டச் செலவுக் கணக்கில் ஏறாது. கொட்டேஷன் மட்டும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இனி கணக்கைப் பார்ப்போம். இரண்டிலும் பெண்களுக்குச் சொந்த முதலீடு 5 விழுக்காடு, அதாவது 2 லட்சம். நீட்ஸில் மூலதன மானியம் 25 விழுக்காடு, உச்சவரம்பு 75 லட்சம். உங்களுக்கு 10 லட்சம் வரும். கூடவே வட்டியில் 3 விழுக்காட்டை அரசு ஏற்கிறது. மானியம் போக மிஞ்சும் 28 லட்சத்துக்கு முதல் வருடம் அது 84,000 ரூபாய். அசல் குறையக் குறைய அதுவும் குறையும். ஏழு வருடக் கடனில் மொத்தம் 3 லட்சத்தை ஒட்டி வரும். பி.எம்.இ.ஜி.பி.யில் கிராமத்தில் தொடங்கும் பெண்களுக்கு 35 விழுக்காடு, அதாவது 14 லட்சம். வட்டிச் சலுகை இல்லை. ஆக உங்கள் அளவுக்கு பி.எம்.இ.ஜி.பி. தான் லாபம். ஆனால் அதில் உற்பத்தித் தொழிலுக்குத் திட்டச் செலவு 50 லட்சம் வரைதான். அதைத் தாண்டப் போகிறீர்கள் என்றால் 5 கோடி வரை போகும் நீட்ஸுக்கு வாருங்கள். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

ஒன்று தெரிந்திருக்கட்டும். அந்த 14 லட்சம் உங்கள் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்புத்தொகையாகக் கிடக்கும். அந்தத் தொகைக்கு வட்டி தர மாட்டார்கள், அதே அளவு கடனுக்கு வட்டி வாங்கவும் மாட்டார்கள். யூனிட் நன்றாக ஓடுகிறது என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அதனால் இலை வாங்க, கூலி கொடுக்க மானியத்தை நம்பாதீர்கள். நடைமுறை மூலதனத்தையும் திட்ட அறிக்கையிலேயே எழுதிக் கேளுங்கள். இதை விட்டுவிட்டு, மெஷின் புதுசாக நிற்க, சரக்கு வாங்கக் காசில்லாமல் பூட்டிய யூனிட்டுகளைப் பார்த்திருக்கிறேன். வயிற்றெரிச்சலாக இருக்கும்.

கேள்வி (சேலம்): 8 லட்சம் கடனுக்கு வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். இந்த அளவிலான சிறுதொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மேலாளரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி (சென்னை): கம்பெனி பதிந்து மூன்று வருடம் ஆகிறது. ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அது மத்திய அரசு புதிய கம்பெனிகளுக்குத் தரும் தொடக்கப் பணம். விண்ணப்பிக்கும்போது கம்பெனிக்கு இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மாநில அரசின் டான்சீட் என்ற விதை நிதித் திட்டத்தின் பக்கம் பாருங்கள். 10 லட்சம் தருகிறார்கள். பெண்கள் நடத்தும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம் போன்றவற்றுக்கு 15 லட்சம். அதற்கு ஈடாக 3 விழுக்காடு பங்கு எடுத்துக்கொள்வார்கள். நியாயமான பேரம் என்பது என் எண்ணம்.

கேள்வி (மதுரை, ஒரு அப்பா): பையன் கேம்பஸில் கிடைத்த வேலையை விட்டுவிட்டுத் தொழில் என்கிறான். மாதச் செலவுக்கு என்ன செய்வான்?

பதில்: உங்கள் பயம் நியாயம் ஐயா. அதற்கும் ஒரு திட்டம் உண்டு. ‘நிதி இ.ஐ.ஆர்.’ என்று இன்குபேட்டர்களில் கேளுங்கள். தேர்வானால் மாதம் 30,000 ரூபாய் வரை ஒரு வருடத்துக்கு உதவித்தொகை. கடன் இல்லை. ஒரு வருடம் என்று கெடு வைத்து அவனை விடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (விருதுநகர் மாவட்டம், கல்லூரிப் பேராசிரியர்): எங்கள் கல்லூரிக்கு இதில் என்ன கிடைக்கும்?

பதில்: அடல் இன்குபேஷன் மையம் என்று தேர்வானால் ஐந்து வருடத்தில் 10 கோடி வரை. 2021-இல் 945 கோடியில் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் ஒரு இன்குபேட்டருக்கு 5 கோடி வரை ஒதுக்கினார்கள்.

ஆனால் பணத்தைவிட உங்கள் ஆய்வுக்கூடம் பெரிது சார். ராக்கெட் செய்யும் அக்னிகுல் நிறுவனம் 2017-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கியது. அங்கே பேராசிரியர் சத்திய சக்கரவர்த்தி துணை நின்றார், எரிதல் ஆய்வுக்கூடம் கையருகே இருந்தது. 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் அவர்கள் ராக்கெட் பறந்தது. உங்கள் கல்லூரி லேத்தை மாலை ஐந்து மணிக்குப் பூட்டாமல், பழைய மாணவர்களுக்கு இரவு ஒன்பது வரை திறந்து வைக்க முடியுமா? அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி (திருச்சி): கல்விக் கடனில் நான்கு தவணை பாக்கி. தொழில் கடனை நிராகரிப்பார்களா?

பதில்: பெரும்பாலும் ஆமாம். வங்கி முதலில் பார்ப்பது, பழைய கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் சிபில் அறிக்கையைத்தான். முதலில் அந்தக் கிளைக்குப் போய்ப் பாக்கியைக் கட்டி, கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று கடிதம் வாங்குங்கள். மூன்று நான்கு மாதம் தவணை தவறாமல் போகட்டும். பிறகு விண்ணப்பித்து, அந்தக் கடிதத்தைக் கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள்.