அந்த நாற்றுகளை ஏன் பிடுங்கினீர்கள்?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். பின்பக்கம் குப்பையும் முள்ளுமாகக் கிடந்த இடத்தை, போன வருடம் நான்தான் முயற்சி எடுத்துச் சுத்தம் செய்து பொதுத் தோட்டமாக்கினேன். அக்கம்பக்கத்தினர் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வேண்டும், பிள்ளைகள் மண்ணைத் தொட வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். கீழ்வீட்டுப் பெரியவர், மனைவியை இழந்து தனியாக இருப்பவர், தினமும் வருவார். அவருக்கு வேலை நேர்த்தியாக வராது. ஒருநாள் தக்காளி நாற்றைக் கோணல்மாணலாக நட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு நானும் என் மகனும் (வயது 11) எல்லாவற்றையும் பிடுங்கி, கயிறு பிடித்து வரிசையாக நட்டோம். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன், எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் போகப் போக ஆள் குறைந்து, இப்போது நானும் மகனும் மட்டும்தான். காய் பறிக்கும் நாளில் மட்டும் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். வருகைப் பதிவேடு வைத்து, வராதவர்களிடம் அபராதம் வாங்கலாம் என்று நினைக்கிறேன். என் கணவரோ ‘விட்டுத்தொலை’ என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: ஆரம்பித்தது நான், உழைப்பது நான், தின்ன வருவது ஊர் என்று புலம்பி வரும் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. கோயில் திருப்பணி, குடியிருப்புச் சங்கம், வாசகசாலை என்று இடம் மட்டும் மாறும். உங்கள் நல்ல மனதைப் பாராட்டி ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அந்தப் பாராட்டு குழுவிலேயே உங்களுக்குக் கிடைத்துவிட்டது. நான் வேறொன்று கேட்கிறேன்.

அந்தப் பெரியவர் எங்கே?

தினமும் வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வரி தள்ளி ‘நானும் மகனும் மட்டும்தான்’ என்கிறீர்கள். நடுவில் அந்த மனிதர் எப்போது வருவதை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று ஒரு வார்த்தை இல்லை. உடம்புக்கு முடியவில்லையா, ஊருக்குப் போய்விட்டாரா என்று விசாரித்ததாகவும் இல்லை. ஆனால் அவர் நட்டது கோணல் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அப்புறம் அந்த ‘அவர் போன பிறகு’. அவர் நிற்கும்போது நீங்கள் பிடுங்கவில்லை. அவர் தலை மறையும் வரை காத்திருந்தீர்கள். செய்வது தப்பு என்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு கடுமையாக எழுதமாட்டேன்.

மறுநாள் காலையில் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். அவர் வழக்கம்போல வருகிறார். முந்தின நாள் தன் கையால் நட்ட நாற்று நட்ட இடத்தில் இல்லை. பிடுங்கி நட்டதில் நுனி வேர் அறுந்து, இலையெல்லாம் தொங்கிப் போயிருக்கும். ‘எவ்வளவு அழகு பாருங்கள்’ என்று குழுவில் நீங்கள் போட்ட படம் அவர் கைப்பேசிக்கும் வந்திருக்கும். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். அதில் ஒருவராவது அவர் முதலில் நட்டதைப் பார்த்தவராக இருப்பார். தக்காளி பிழைத்திருக்கும், அது தண்டில் மண் பட்ட இடத்திலெல்லாம் புது வேர் விடும் செடி. அவருக்கு அந்த வசதி இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். கோணல் என்று நீங்கள் சொல்வது சில நேரம் தோட்டக்கலைதான். செடிகளை நேருக்கு நேர் வைக்காமல், அடுத்த வரிசையில் இடைவெளி பார்த்து முக்கோணமாக நட்டால், செடிக்குச் செடி அதே தூரம் விட்டும் அதே இடத்தில் சுமார் 15 சதவீதம் கூடுதல் செடி வைக்கலாம். அவர் அதை யோசித்து நட்டாரா, கை நடுங்கி அப்படி வந்துவிட்டதா? ‘என்ன ஐயா, இப்படி நட்டிருக்கிறீர்கள்?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு கேள்விக்காகத்தானே, நீங்களே எழுதியதுபோல, அக்கம்பக்கத்தினர் பழக வேண்டும் என்று தோட்டம் போட்டீர்கள்?

பெரியவரை விடவும் என்னை உறுத்துவது உங்கள் மகன். பதினொரு வயதுப் பையனை ஒரு முனையில் கயிறு பிடிக்க வைத்து, ஒரு வயதானவர் செய்த வேலையை அவருக்குத் தெரியாமல் அழித்திருக்கிறீர்கள். பிள்ளைகள் மண்ணைத் தொட வேண்டும் என்கிறீர்கள், சரி. மண்ணோடு சேர்த்து அவன் எதைக் கற்றுக்கொண்டான்? வயதானவர்கள் செய்வது கணக்கில்லை, அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை, போனதும் மாற்றிவிடலாம் என்று. நாளைக்கு நீங்களும் உங்கள் கணவரும் அந்த வயதில் அவன் வீட்டில் இருப்பீர்கள். இந்த விஷயத்தில் நான் பழைய ஆள்தான். பெரியவர்கள் செய்ததைப் பிள்ளைகள் முன்னால் அழிக்கக் கூடாது, அழித்தே ஆகவேண்டும் என்றால் அவர்களையும் கூட வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். தனியாக இருக்கும் ஒருவர் கீழ்வீட்டில் இருந்தால், அவரைப் பார்த்துக்கொள்வது அவர் பெற்ற பிள்ளைகளின் கடமை மட்டுமில்லை, அவர் தலைக்கு மேல் குடியிருப்பவர்களின் கடமையும்தான். ‘பாவம்’ என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போவது அதில் சேராது.

சரி, மற்றவர்கள் ஏன் நின்றார்கள்? பெரியவர் வேலையை மட்டும்தான் திருத்தினீர்களா? நான் நம்பவில்லை. ஒருவர் ஊற்றிய தண்ணீர் அதிகம், இன்னொருவர் வெட்டிய கிளை தப்பு, குழந்தை போட்ட விதை ஆழம் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று நடந்திருக்கும். யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். அடுத்த ஞாயிறு ஒரு வேலை வந்திருக்கும், அதற்கடுத்த ஞாயிறு தலைவலி. காய் பறிக்க மட்டும் வருகிறார்கள் என்று குறைப்படுகிறீர்களே, அந்தத் தோட்டத்தில் நீங்கள் மறுபடி செய்ய முடியாத ஒரே வேலை அதுதான். பறித்த காயைத் திரும்பச் செடியில் ஒட்ட முடியாது.

(உங்கள் கணவர் ஏன் கீழே இறங்கி வருவதில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. வீட்டில் அவர் மடித்து வைத்த துணியை நீங்கள் மறுபடி மடிக்கிறீர்களா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.)

அபராதத்தை இத்தோடு மறந்துவிடுங்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில் இதைச் சோதித்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் ஆய்வாக வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துப் போக நேரம் கழித்து வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும், தாமதமாக வருபவர்கள் அதிகமானார்கள். ஆசிரியை நமக்காகக் காத்திருக்கிறாரே என்ற கூச்சம் போய், அதுதான் காசு கொடுக்கிறோமே என்று ஆகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. இப்போது உங்கள் அக்கம்பக்கத்தினருக்கு உங்களைப் படியில் பார்த்தால் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாவது இருக்கும். அதையும் விலை பேசி விற்றுவிடாதீர்கள்.

‘விட்டுத்தொலை’ என்பதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இந்த மாதிரித் தோட்டங்கள் மனிதர்களுக்கு நல்லது செய்வது வெறும் பேச்சில்லை. அமெரிக்காவின் டென்வர் பகுதியில் 291 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சமுதாயத் தோட்டத்தில் ஆளுக்கொரு பாத்தியும் விதையும் நாற்றும் ஆரம்பப் பயிற்சியும் கொடுத்தார்கள். மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். 2023இல் முடிவு வந்தது. தோட்டம் போட்டவர்கள் நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டார்கள், உடம்பை அதிகம் அசைத்தார்கள், மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. வரும்போதே அதிக அழுத்தத்தோடு வந்தவர்களுக்குத்தான் அதிகமாகக் குறைந்தது. அதாவது, உங்கள் குடியிருப்பில் இந்தத் தோட்டம் யாருக்கு எல்லோரையும் விட அதிகம் தேவையோ, அவரைத்தான் முதலில் வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்.

அதில் ஆளுக்கொரு பாத்தி என்பதைக் கவனித்தீர்களா? உங்கள் இடத்திலும் அதைச் செய்யுங்கள். நான்கு அடி அகலத்தில் பாத்தி பிரித்தால், இரண்டு பக்கமும் நின்று நடுவரை கை எட்டும், யாரும் உள்ளே மிதிக்க வேண்டியதில்லை. விரும்பும் வீட்டுக்கு ஒன்று. தண்ணீர்க் குழாய், மட்கு உரக் குழி, கருவிகள் இவை மட்டும் பொது. யார் பாத்தியை யாரும் கேட்காமல் தொடக் கூடாது, களை முழங்கால் அளவு வளர்ந்து நின்றாலும் சரி. உங்களுக்குக் கை பரபரக்கும், பரபரக்கட்டும். குனிய முடியாதவர்களுக்காக ஒரு பாத்தியைச் சுற்றி இரண்டடி உயரத்துக்குச் செங்கல் கட்டி மண் நிரப்புங்கள், விளிம்பில் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம். நல்ல வெயில், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது, விழும் இடமாகப் பார்த்து அதைக் கட்டுங்கள். நிழலான மூலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கீரை வரும்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது வேலை. முதலில், மகனைக் கூட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போங்கள். பலகாரம் எதுவும் எடுத்துப்போக வேண்டாம், அது பேச்சை மாற்றிவிடும். ‘நீங்கள் நட்டதை நாங்கள் பிடுங்கினோம், கேட்காமல் செய்தது தப்பு’ என்று நீங்கள் சொல்லுங்கள். கயிறு பிடித்தவனும் தன் வாயால் சொல்லட்டும். ‘நல்லதுக்குத்தான் செய்தேன்’ என்று நடுவில் ஆரம்பித்தீர்களானால் போகாமலே இருந்திருக்கலாம். நம் தோட்டம் என்று குழுவில் எழுதும்போது, அவர் பெயரையும் எழுத அவரிடம் அனுமதி கேளுங்கள்.

அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், பையனும் பக்கத்தில் நிற்கட்டும். ‘பரவாயில்லம்மா’ என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால், அடுத்த வாரம் மறுபடி போங்கள். முதல் தடவையே தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு கட்டாயமும் இல்லை.