எரிஉலை இருக்கும்போது குப்பையைப் பிரிக்க வேண்டுமா?

"எல்லாவற்றையும் எரிஉலையில் போட்டுவிடலாமே, ஏன் பிரிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உலைக்குள் நடப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

குப்பை, நகரும் இரும்புத் தட்டுகளின் மேல் மெல்ல இறங்கிக்கொண்டே எரிகிறது. அந்த வெப்பம் கொதிகலனில் நீராவியை உண்டாக்க, டர்பைன் சுழன்று மின்சாரம் வருகிறது. இதில் முக்கியமானது புகைதான். அதை 850 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் குறைந்தது 2 விநாடியாவது வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் டையாக்சின் என்ற கொடிய நச்சு முழுதாகச் சிதையாது. ஈரமான உணவுக் கழிவு அதிகம் கலந்தால், தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகி உலை தணிந்துவிடும். அப்புறம் கண்ணாடி, அது எரியவே எரியாது, உள்ளே போனது அப்படியே சாம்பலோடு வெளியே வரும்.

எனக்குப் பெரிய கவலை பேட்டரிகள்தான். அவற்றிலுள்ள காட்மியம், ஈயம் போன்ற உலோகங்கள் எரிந்து மறைவதில்லை. புகையோடு கிளம்பி, வடிகட்டியில் சிக்கும் நுண்சாம்பலில் போய்ச் சேர்கின்றன. அந்தச் சாம்பலை நச்சுக் கழிவாகவே கையாள வேண்டியிருக்கிறது.

அலுமினிய டப்பாவையும் தயவுசெய்து தனியே வையுங்கள். அதை உருக்கி மறுபடி பயன்படுத்த, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும்.