சென்னையிலிருந்து அதிகச் செலவில்லாமல் குழந்தைகளுடன் ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய இடங்கள் எவை?

கேள்வியில் "அதிகச் செலவில்லாமல்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "தவறாக நினைக்க வேண்டாம்" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த இரண்டாவது வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குப் பள்ளி செல்லும் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள், சொந்தமாகக் கார் இல்லை, இருபதாம் தேதிக்கு மேல் எந்தச் செலவையும் இருமுறை யோசிக்கும் வீடு என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீடு அப்படிப்பட்டது என்பதால், நான் சொல்வதும் அந்த அளவுக்குள்தான் இருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதத்தில், என் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்தார்கள். தலைக்கு 1,850 ரூபாய். இருவருக்கும் சேர்த்து 3,700 ரூபாய். என் கணவர் ஒரு வேலையை விட்டு இன்னொன்று கிடைக்காமல் இருந்த நேரம் அது. நான் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன்; என் சம்பளத்தில் வாடகை போக மிஞ்சுவது எவ்வளவு என்பது எனக்கு மனப்பாடம். சுற்றுலா கட்டாயமில்லை என்றுதான் சுற்றறிக்கையில் இருந்தது. ஆனால் கடைசி நாளுக்கு முந்தைய இரவு, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் "இன்னும் பணம் செலுத்தாதவர்கள்" என்ற தலைப்பில் ஏழு குழந்தைகளின் பெயர்களைப் போட்டார்கள். அதில் மூன்றாவது பெயர் என் மகளுடையது. அவள் அப்போது ஆறாம் வகுப்பு. என் கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கு ராட்டினம் என்றாலே தலை சுற்றும், நான் போகவில்லை என்று சொல்லிவிடு" என்றாள். அவளுக்கு ராட்டினத்தில் தலை சுற்றியதே கிடையாது.

பள்ளியின் மேல் எனக்குப் பகை இல்லை. கட்ட முடிந்தவர்கள் கட்டுகிறார்கள், பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் போய் வருகிறார்கள். அதில் தவறு காண நான் யார்? பட்டியல் போட்டதுதான் இன்றுவரை ஆறவில்லை.

சுற்றுலா நாளன்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இருவரையும் எழுப்பிக் குளிக்க வைத்து, புளியோதரையைக் கட்டிக்கொண்டு, காலை ஆறரை மணிக்குச் சைதாப்பேட்டை நிலையத்தில் செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடித்தோம். எங்கே போகிறோம் என்று நான் சொல்லவில்லை. எட்டு வயது மகன் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு நிலையத்தின் பெயர்ப் பலகையையும் உரக்க வாசித்தபடியே வந்தான். திரிசூலத்தில் ஒரு விமானம் தலைக்கு மேலேயே இறங்குவதுபோல் வந்தது. பல்லாவரத்தில், 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் இந்த ஊரில்தான் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார் என்று சொன்னேன். "அது இப்போதும் கிடக்குமா?" என்று கேட்டு, அடுத்த நிலையம் வரை தண்டவாளத்தின் ஜல்லிக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பரனூரைத் தாண்டியதும் கொளவாய் ஏரி வந்தது. தண்ணீர் தளும்ப நின்ற அந்த ஏரியைப் பார்த்ததும், அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மகள் எழுந்து சன்னலருகே வந்தாள். அவ்வளவு நேரமும் அவள் எங்களோடு பேசவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் பேருந்தில் அரை மணி நேரம். வெள்ளைப் பலகை வைத்த நகரப் பேருந்து வந்தால் பெண்களுக்குக் கட்டணமில்லை. எங்களுக்குக் கிடைத்தது புறநகர்ப் பேருந்து. அப்படியும் ரயில், பேருந்து, போக, வர எல்லாம் சேர்த்து மூவருக்கும் 200 ரூபாயைத் தாண்டவில்லை. அன்றைய மொத்தச் செலவு 340 ரூபாய் என்று என் கணக்கு நோட்டில் இருக்கிறது. மீதித் தொகை இளநீருக்கும், காலணி காத்த அம்மாவுக்கும், மகன் அடம்பிடித்து வாங்கிய ஊதுகுழலுக்கும் போனது.

ஏன் திருக்கழுக்குன்றம் என்றால், என் அப்பா என்னை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறார். நண்பகல் வேளையில் பூசாரி ஒரு பாறையின் மேல் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருப்பார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கும். வெளிறிய உடலும் மஞ்சள் முகமுமாக இரண்டு பறவைகள் வந்து இறங்கி, உண்டுவிட்டுப் பறந்துவிடும். கழுகு என்று ஊரார் சொன்னாலும் அவை மஞ்சள்முகப் பாறு எனப்படும் பிணந்தின்னிப் பறவைகள். காசியில் நீராடிவிட்டு இங்கே உணவுக்கு வருவதாக அப்பா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். 1990-களின் இறுதியோடு அவற்றின் வருகை நின்றுபோனது. மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோபினாக் என்னும் வலிமருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து, நாடு முழுவதும் அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோன காலமும் அதுதான். கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது 2006-இல் தடை செய்யப்பட்டது. இதையெல்லாம் படியேறும்போது மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். மகன் நின்று, "அப்படியென்றால் நாம் எதைப் பார்க்கப் போகிறோம்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. படிகளை எண்ணிக்கொண்டே வா என்றேன்.

மலை மேல் வேதகிரீசுவரர் கோயில். அங்கிருந்து பார்த்தால் கீழே பக்தவத்சலேசுவரர் கோயிலின் நான்கு கோபுரங்களும், சற்றுத் தள்ளிச் சங்கு தீர்த்தக் குளமும், யாரோ தரையில் அடுக்கி வைத்த பொம்மைகள்போல் தெரியும். சமய நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் கோயிலைச் சொல்கிறாளே என்று யாரேனும் கேட்கக்கூடும். அவர்களுக்காகவே ஒன்று: இறங்கும் வழியில், மலையின் பாறையைக் குடைந்து செய்த ஒருகல் மண்டபம் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துக் குடைவரை அது. பெரும்பாலானோர் இறங்கும் அவசரத்தில் அதைக் கடந்துவிடுகிறார்கள். அதன் தூண்களிலும் சுவரிலும் 17-ஆம் நூற்றாண்டில் இப்பக்கம் இருந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களை வெட்டிவைத்திருக்கிறார்கள். மகள் ஓர் எழுத்தின் குழிவில் விரலை வைத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "இவர்கள் பேரையும் யாரோ பட்டியலில் போட்டுவிட்டார்கள்" என்றாள். அவளாகவே சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கைப்பையை வெளியே தொங்கவிடாதீர்கள். தின்பண்டத்தைப் படிகளில் பிரிக்காதீர்கள். காலணியைக் கீழேயே விட்டுவிட வேண்டும் என்பதால் காலை ஒன்பது மணி அளவில் ஏறத் தொடங்கி நண்பகலுக்குள் இறங்கிவிடுவது நல்லது. நடை சாத்தப்படும் நேரமும் அதுதான், கல் சுடத் தொடங்கும் நேரமும் அதுதான். ஏப்ரல், மே மாதங்களில் குழந்தைகளோடு இந்த மலையை நினைக்கவே வேண்டாம்.

இதற்குப் பிறகு நாங்கள் ஏறக்குறைய மாதம் ஒரு முறை இப்படிக் கிளம்புகிறோம். எல்லாவற்றையும் விரித்து எழுதினால் நீண்டுவிடும் என்பதால் நினைவில் நிற்பவற்றை மட்டும் சொல்கிறேன். அரை நாள்தான் கிடைக்கிறது என்றால் பரங்கிமலைக்குப் போங்கள். புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மலை ஏறக் கட்டணமே இல்லை. உச்சியில் 1523-இல் போர்ச்சுக்கீசியர் எழுப்பிய தேவாலயம் இருக்கிறது. இந்தியாவை அளந்த பெரும் முக்கோணவியல் அளவைக்கு வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1802 ஏப்ரலில் முதல் அடிப்படைக் கோட்டை அளக்கத் தொடங்கியது இந்த மலையடியிலிருந்துதான். எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் பின்னாளில் அதே அளவைதான். கணக்கு எழுதிப் பிழைப்பவள் என்பதால் எனக்கு இதில் சற்றுக் கூடுதல் பெருமை உண்டு.

நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கல். ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டியிருக்கும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊர் மக்கள், அவற்றைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மீது முறையிட்டு, 1798-இலேயே செங்கல்பட்டு ஆட்சியரிடம் பாதுகாப்பு உரிமை பெற்றவர்கள். ஆனால் பேருந்து வசதி குறைவு. திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கிய உடனே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளாமல் ஒரு முறை இரண்டு மணி நேரம் சாலையோரம் நின்றோம்.

மாமல்லபுரத்துக்குத் திருக்கழுக்குன்றத்திலிருந்தே பேருந்து உண்டு. சாலையோரத்தில் இருக்கும் அர்ச்சுனன் தபசைப் பார்க்கச் சீட்டு வேண்டாம். சீட்டு வாங்க வேண்டிய இடங்களிலும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தொல்லியல் துறை கட்டணம் வாங்குவதில்லை. வடக்கே, பொன்னேரி வரை ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் சென்றால் பழவேற்காடு; டச்சுக் கல்லறைகளும், பருவத்தில் உப்பங்கழியில் பூநாரைகளும் இருக்கும். அங்கே படகுச் சவாரிக்கு யார் அழைத்தாலும் ஏறாதீர்கள். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அந்த நீரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். நூறு இருநூறில் கிடைக்கிறதே என்று அந்தச் செலவை மட்டும் செய்ய வேண்டாம்.

பிள்ளைகள் சற்று வளர்ந்தவர்கள் என்றால், ஜனவரி முதல் மார்ச் வரை வெள்ளி, சனி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையோரம் நடக்கும் ஆமை நடை உண்டு. 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் பங்குனி ஆமைகளின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காத்து வருகிறார்கள். ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், மணலில், நள்ளிரவில். மகன் பாதி வழியில் தூங்கிவிட்டான். மீதி வழியில் அவனை நான் சுமந்தேன். அன்று எங்களுக்கு ஆமை ஒன்றுகூடத் தென்படவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு மாலையில், பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுவதைத்தான் பார்த்தோம்.

விடுமுறை நாளில் கிளம்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில்கள் குறைவு. பராமரிப்புப் பணிக்காகச் சிலவற்றை நிறுத்தியும் விடுவார்கள். முந்தைய இரவே அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை வாசல்வரை போய்த் தெரிந்துகொண்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

செலவைப் பற்றிப் பேசும் பதில்களில் யாரும் எழுதாத ஒன்றையும் இங்கே எழுதிவிட வேண்டும். என் மகள் இப்போதெல்லாம் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. போகிற இடத்தில் கழிப்பறை இருக்குமா, இருந்தால் தாழ்ப்பாள் இருக்குமா என்பது அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு பேருந்து நிலையத்தில் "இலவசம்" என்று சுவரில் எழுதியிருந்த கழிப்பறையில் பத்து ரூபாய் கேட்டார்கள். கொடுத்துவிட்டு உள்ளே போனால் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆண்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் இந்தச் செலவு வராததில் எனக்கு வியப்பில்லை. ரயில் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே, தேவை இருக்கிறதோ இல்லையோ, பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள். பையில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிப்பதற்கென்று இல்லாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வைத்திருப்பவர்களையோ, பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறவர்களையோ நான் குறைத்துப் பேசவில்லை. என் கணவருக்கு வேலை கிடைத்த பிறகு, சென்ற ஆண்டு நாங்களும் அந்தப் பூங்காவுக்குப் போனோம். நன்றாகத்தான் இருந்தது. மகள் எல்லா ராட்டினத்திலும் இரண்டு முறை ஏறினாள்.

நீங்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், திருக்கழுக்குன்றத்தையே சொல்வேன். அடுத்த மாதம் நாங்களும் மறுபடி போகிறோம். அன்றைய படி எண்ணிக்கையில் இன்னும் வழக்குத் தீரவில்லை. மகன் 558 என்கிறான், மகள் 571 என்கிறாள், பொதுவாகச் சொல்லப்படுவது 565. இந்த முறை பத்துப் படிக்கு ஒன்று என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டே ஏறுவதற்காக, 57 புளியங்கொட்டைகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறான்.