புல்தரையில் குண்டுவிமானம்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்கள் வெறும் புல்தரையில் இருந்து பறந்தனவாம். பலாலி ஓடுபாதையைப் பார்த்துப் பழகிய எமக்கு நம்ப முடியவில்லை. மாரியில் சில்லுப் புதையாதா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: புதைந்தது. பல புல்தளங்களைக் கைவிட வைத்ததும் அதுதான்.

1930களில் புல்வெளியே வசதி. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அதற்கு எதிர்முகமாக ஓடி எழும்பலாம். இங்கிலாந்தின் பெல்ற்வெல் விமானத்தளம் போர் முடியும்வரை புல்தளமாகவே இருந்தது. 1941 யூலையில் அங்கிருந்து ஜேர்மனியின் மியூன்ஸ்ரர் நகரைத் தாக்கப் போன வெலிங்ரன் குண்டுவிமானம் ஒன்றின் துணி போர்த்த இறக்கையில் தீப்பிடித்தது. நியூசிலாந்துச் சார்ஜன்ற் ஜேம்ஸ் வார்ட் நடுவானில் இறக்கைமேல் ஊர்ந்துபோய் துணியில் பற்றிய தீயை அமத்தினார். பிரித்தானியாவின் அதியுயர் வீரப் பதக்கமான விக்ரோறியா சிலுவை பெற்றார். எத்தனை தரம் சொன்னாலும் தகும் வீரம் அது.

பிரச்சினை பாரம். நிறைசுமையில் வெலிங்ரன் ஏறத்தாழ 13 தொன், கனரகக் குண்டுவிமானமான லங்காஸ்ரர் 30 தொன். ஊறிய களிமண்ணில் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடினால் புல்வேர் அறுந்து சால் விழும். சாலில் நீர் தேங்கும். அடுத்த விமானம் வேகம் பிடிக்காது.

பரிகாரமாகக் கம்பிவலை விரித்தார்கள். பிறகு துளையிட்ட உருக்குத் தகடு வந்தது: நீளம் 10 அடி, அகலம் 15 அங்குலம், நிறை 30 கிலோ. விளிம்புக் கொக்கியை அடுத்த தகட்டில் மாட்டிக் கோர்ப்பார்கள். வடிகால் சரியில்லாவிட்டால் துளைவழியே சேறு பிதுங்கும்.

கனரக விமானங்களுக்கென முடிவில் கொங்கிறீற்றே வழக்கமாயிற்று: பிரதான பாதை 2,000 யார் (கெஜம்), துணைப்பாதைகள் இரண்டும் 1,400 யார், அகலம் 50 யார்.

பலாலி உள்ள வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல் இருப்பதால் தண்ணீர் கெதியாக வடியும். களிமண் அப்படி விடாது.